பின்னால் வருகிறவள்

மூக்கைப் பொத்தாதீங்க அண்ணாச்சி. அது நாத்தம் இல்லை, சரக்கு. மேலே நீளமாக் கட்டி வச்சிருக்கேனே, அதுதான். மூணு பிளாஸ்டிக் உறை, அதுக்கு மேலே சாக்கு, அதுக்கும் மேலே என் பழைய வேட்டி. இத்தனையையும் தாண்டி உங்க மூக்குக்கு வருதுன்னா அது எப்பேர்ப்பட்ட சரக்குன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. நார்வேயிலேருந்து வருது. ஆமா, நார்வேதான். பூமி உருண்டையிலே உச்சந்தலைப் பக்கம் ஒட்டிக்கிட்டு இருக்குமே, அந்த நாடு.

உக்காருங்க. முதல்ல நீங்க ஏமாந்த கதையைச் சொல்லிடறேன். ஜன்னல் ஓரத்து சீட்டைக் கொடுத்துட்டு நடு சீட்டுக்கு வந்திருக்கீங்க. ஒரு வார்த்தை பேரம் பேசினீங்களா? நீலக் கம்பளித் தொப்பி போட்ட ஒரு அம்மா வந்து இடம் மாத்திக்கிடலாமா சார்னு கேட்டாங்க, நீங்க உடனே பெட்டியைத் தூக்கிட்டு வந்துட்டீங்க. அந்த அம்மா யாருன்னு நினைச்சீங்க? என் வீட்டம்மா. அமலோற்பவம். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம். எழும்பூர்ல என் பக்கத்துலதான் உக்காந்தாள். தாம்பரம் தாண்டினதும் எந்திரிச்சாள். பாத்ரூமுக்குப் போறாள்னு நினைச்சேன். பார்த்தா நீங்க வந்து நிக்கிறீங்க.

சண்டை எல்லாம் இல்லை. சண்டைன்னா ரெண்டு பேரும் பேசணும்.

கொஞ்சம் திரும்பிப் பார்த்துச் சொல்லுங்க, என்ன செய்யிறா? ஜன்னலைப் பார்க்கிறாளா. சரி, பார்க்கட்டும். நானே திரும்பிப் பார்க்கலாம்தான். பார்க்க மாட்டேன். அது என் தொழில் பழக்கம்.

தூத்துக்குடி கருவாட்டு மண்டியிலே மிக்கேல்னு கேட்டுப் பாருங்க, சின்னப் பிள்ளையும் கை காட்டும். கொஞ்சம் பயந்துதான் காட்டும். கோபக்காரன்னு பேர். அஞ்சாம் கிளாஸோட நின்னவன் நான். அதுக்கப்புறம் எனக்கு வாத்தியார் எல்லாம் என்னை ஏமாத்தினவங்கதான். ஒவ்வொருத்தனும் ஒரு வகுப்பு எடுத்தான். அதிலே படிச்ச முதல் பாடம் இது: விலை படியலைன்னா எந்திரிச்சு பத்தடி நடக்கணும். திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பினா இவனுக்கு ஆசை இருக்குன்னு தெரிஞ்சிரும், விலை போச்சு. ஒன்பதாவது அடியிலே, இல்லைன்னா பத்தாவது அடியிலே பின்னாலேருந்து 'அண்ணாச்சி'ன்னு குரல் வரும். வராம இருந்ததே இல்லை.

வீட்டிலும் அதேதான். கோயில் திருவிழாவோ கல்யாண வீடோ ஆஸ்பத்திரியோ, எங்கே போனாலும் நான் முன்னால் நடப்பேன், அவள் பின்னால் வருவாள். முப்பத்தெட்டு வருஷத்திலே ஒரு தடவை நான் திரும்பிப் பார்த்தது கிடையாது. அவசியம் வந்ததில்லை.

இப்படிப்பட்ட மனுஷனைப் பார்த்து, நான் ஊர் போய்ச் சேர்றதுக்கு முன்னாலேயே, பெண்டாட்டியை அந்நிய நாட்டிலே விட்டுட்டு வந்தவன்னு ஊரெல்லாம் பேசுது. மண்டியிலே பேசுறான், கோயில் வாசல்ல பேசுறான், பாதிரியாரே போன் போட்டுச் சிரிக்கிறார். நீங்க நடுநிலையான ஆளாத் தெரியுறீங்க. நீங்க இறங்குற திருச்சி வர இன்னும் நேரம் இருக்கு. கேட்டுட்டு நியாயம் சொல்லுங்க.

என் மக வினோலியா லண்டன்ல நர்ஸ். போன மாசம் எங்க ரெண்டு பேரையும் வரவழைச்சு ஒரு கப்பல்ல ஏத்தி விட்டாள். சரக்குக் கப்பல் இல்லை, சுத்திப் பார்க்கிற கப்பல். பன்னிரண்டு மாடி. சாப்பாடு, டீ, காப்பி எல்லாம் டிக்கெட்டோட சேர்த்தி, எத்தனை தடவை வேணும்னாலும் போய் எடுத்துக்கிடலாம். ரெண்டாம் நாளே கண்டுபிடிச்சுட்டேன், கப்பல்ல எல்லாம் ஓசி, கரையிலே இறங்கினாத்தான் உரிக்கிறான். அதனாலே இறங்குற ஊர் எதிலேயும் நான் பையைத் திறக்கலை. கப்பல்காரன் சுத்திக் காட்டுறேன்னு பஸ் வச்சிருப்பான், அதுக்கு ஒரு டிக்கெட். அதிலேயும் ஏறலை. கால் எதுக்கு இருக்கு?

ஆறாவது நாள் ஸ்கார்வாய்னு ஒரு மீன்பிடி ஊர். மொத்தம் முந்நூறு வீடு இருக்கும், சிவப்பும் மஞ்சளுமா. மரம் கிடையாது. ஜூன் மாசம், வெயில் அடிக்குது, ஆனா அந்த வெயிலுக்குச் சூடே இல்லை. காத்து காதைக் கடிச்சு எடுக்குது. காலையிலே ஒன்பது மணிக்கு இறக்கி விட்டுட்டு, நாலு மணிக்குக் கப்பல் கிளம்பும், மூணரைக்குள்ளே உள்ளே இருக்கணும்னு சொன்னாங்க. நான் ரெண்டு பேருக்கும் கப்பல்ல கொடுத்த அடையாள அட்டை, பாஸ்போர்ட், போன், கண்ணாடி எல்லாத்தையும் என் பையிலே போட்டுக்கிட்டேன். எப்பவும் நான்தான் வச்சிருப்பேன். அவள் தொலைச்சிருவாள். இதுவரைக்கும் தொலைச்சதில்லை, அது நான் வச்சிருக்கிறதாலே.

இறங்கி நூறடி நடந்திருப்போம், ஒரு டீ குடிக்கலாமான்னு கேட்டாள். ஒரு கடை இருந்தது. கண்ணாடியிலே விலை எழுதிப் போட்டிருந்தான். அதை நம்ம ரூபாய்க்கு மாத்தினேன் பாருங்க, எனக்கு அந்தக் குளிர்லயும் வேர்த்திருச்சு. அந்தக் காசுக்கு மண்டியிலே இருக்கிற அத்தனை பேருக்கும் டீ வாங்கி ஊத்தலாம், வடையோட. கப்பல்ல ஓசியா இருக்கு, போய்க் குடிச்சுக்கிடலாம்னேன். அவள் இன்னைக்கு வரைக்கும் அந்த டீயைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை. நீங்களே சொல்லுங்க, இதிலே என் தப்பு என்ன?

அப்படியே கடற்கரையோரமாப் போனா, அண்ணாச்சி, கோயில் பந்தல் மாதிரி ஊர் நீளத்துக்கு மூங்கில் கட்டி, மூங்கில் இல்லை, ஏதோ மரக்கம்பு, அதிலே தலை இல்லாத மீனை ஜோடி ஜோடியா வாலைக் கட்டித் தொங்க விட்டிருக்கான். ஆயிரக்கணக்கிலே. எனக்குச் சிரிப்பு தாங்கலை. உப்பு போடலை. மணல்ல பரப்பலை. புரட்டிப் போட ஆள் இல்லை. துணி காயப் போடுற மாதிரி போட்டுட்டு வீட்டுக்குள்ளே போயிட்டான். அப்படியே மூணு மாசம் தொங்குமாம், குளிரும் காத்தும் பார்த்துக்கிடுமாம். நாப்பது வருஷம் கருவாட்டிலே கிடந்த எனக்கு இதைப் பார்த்துட்டுச் சும்மா போக முடியுமா? பக்கத்திலே ஒரு பெரிய மரக்கொட்டகை, கதவு திறந்து கிடந்தது. உள்ளே நுழைஞ்சேன். அவள் பின்னால் வந்தாள்.

உள்ளே ஒரு கிழவன். அவன்தான் முதலாளி, ஒட்வார்னு பேர். கூட ஒரு பொம்பளை, ரப்பர் பூட்ஸ், கையிலே உறை, ஒரு மேசைக்கு முன்னால் நின்னுக்கிட்டு காஞ்ச மீனை ஒவ்வொண்ணா எடுத்து, வளைச்சுப் பார்த்து, கழுத்துப் பக்கம் மோந்து பார்த்து, தனித்தனிக் குவியலாப் போட்டுக்கிட்டு இருக்கு. நம்ம நிறம். நான் அமலோற்பவத்துகிட்ட, பாரு, உன்னை மாதிரியே மோந்து பார்க்குதுன்னு சொல்லி வாய் மூடலை, அந்தப் பொம்பளை திரும்பி,

"வாங்கோ அண்ணை, வாங்கோ அக்கா. தமிழ்நாடோ?" ங்குது.

உலகத்து உச்சந்தலையிலே நின்னுக்கிட்டு.

தவமலர்னு பேர். யாழ்ப்பாணத்துப் பக்கம் மயிலிட்டி. அங்கேயும் கடற்கரைதான். சண்டைக் காலத்திலே இருபத்திரண்டு வயசிலே இங்கே மீன் வெட்டுற வேலைக்கு வந்து, முப்பது வருஷமா இங்கேயே இருக்கு. புருஷன் படகிலே போறான். இப்போ அந்தப் பிள்ளைக்குத் தரம் பிரிக்கிற உத்தியோகம். பரீட்சை எழுதித்தான் அதுக்கு வர முடியுமாம். இருபது தரமாம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு. கருவாட்டிலே என்ன இருபது தரம்? விக்கிறது, விக்காதது, ரெண்டுதான்.

கிழவனுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லலாம்னு தோணிச்சு. உப்பு போடு, எடை நிக்கும், ரெண்டு மடங்கு லாபம்னு ஆரம்பிச்சு, பத்து நிமிஷம் பேசினேன். சொல்லும்மா முதலாளிகிட்டேன்னேன். அந்தப் பிள்ளை ரெண்டே வார்த்தை சொல்லிச்சு. கிழவன் சிரிச்சுட்டுக் கையைக் குலுக்கினான். பத்து நிமிஷப் பேச்சு ரெண்டு வார்த்தையிலே அடங்குற பாஷை அது. சிக்கனமான ஆளுங்க.

அப்புறம் ஒரு மீன் வாங்கலாம்னு ஆசை வந்தது. மண்டியிலே தொங்க விட்டா பேர் நிக்கும் பாருங்க. மேசையிலே ஒரு மீன், பொன் நிறம், கட்டைன்னா கட்டை, நம்ம மாசிக் கருவாடு மாதிரி தட்டினா டொக்குன்னு சத்தம். விலை கேட்டேன். பாதியிலே ஆரம்பிச்சேன். கிழவன் தலையை ஆட்டினான். முக்காலுக்கு வந்தேன். ஆட்டினான். சரின்னு நடந்தேன். வாசலைத் தாண்டி பத்தடி. பதினஞ்சு. இருபது. காத்து அடிக்குது, கடற்பறவை கத்துது, ஒரு மனுஷன் கூப்பிடலை. அந்த ஊர்ல திரும்பக் கூப்பிடுற பழக்கமே கிடையாது அண்ணாச்சி. என்ன வளர்ப்போ. கொஞ்ச நேரம் குனிஞ்சு பூட்ஸ் கயித்தைக் கட்டுற மாதிரி நின்னுட்டு, நானாத்தான் திரும்பிப் போனேன். வாழ்க்கையிலே முதல் தடவை.

உள்ளே போனா தவமலரும் இவளும் அந்த மேசையிலே தலையைச் சேர்த்துக்கிட்டு நிக்கிறாங்க. இவள் கையிலே ஒரு மீன். மோந்து பார்த்துட்டு வேற குவியலைக் கை காட்டுறாள். அந்தப் பிள்ளை சிரிக்குது. என் மண்டியிலும் மூட்டை பிரிச்சா இவள்தான் முதல்ல மோந்து பார்ப்பாள். இது ஒரு வாரம் தாங்கும், இது நாளைக்கே தள்ளிருங்கன்னு சொல்லுவாள். சொன்னா சரியா இருக்கும். பொம்பளைங்களுக்கு மூக்கு கொஞ்சம் கூர்மை. ஆனா மோந்து பார்க்கிறதா வியாபாரம்? விலை பேசுறதுதான் வியாபாரம். அது நான்.

கிழவன் என் பிடிவாதத்தைப் பார்த்துட்டு, மூலையிலே கிடந்த ஒரு குவியலிலேருந்து ஒண்ணை எடுத்துக் காட்டினான். நீளம் என் இடுப்பு உயரம். இதை எண்டால் பாதி விலைக்குத் தரலாமாம் அண்ணை, ஆனா இது வேற சாமான், பனி பிடிச்சுப் பழுதானது எண்டு தவமலர் சொல்லிச்சு. விக்கிறவன் தன் சரக்கைத் தானே குறை சொல்றான்னா அதிலே என்ன சூது இருக்கும்? வாங்கிறவன் ஓடிப் போயிருவான், நல்லதைத் தனக்கு வச்சுக்கிடலாம்னு பார்க்கிறான். எனக்குத் தெரியாதா? கொண்டா அதைன்னேன்.

அப்போ அமலோற்பவம் என் முழங்கையிலே கிள்ளினாள். ஒரு தடவை இல்லை, ரெண்டு தடவை. டீக்குத்தான் கிள்ளுறாள்னு எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறு, பேரம் நடக்குதில்லேன்னு பல்லைக் கடிச்சேன்.

அந்தப் பிள்ளைக்கு மனசு இளகிருச்சு. அக்கா குளிரிலை நடுங்கிறா, வீடு கிட்டத்தான், ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வரட்டும், நீங்களும் வாங்கோ அண்ணைன்னு கூப்பிட்டுது. எனக்கு மீன் கட்டி வாங்கணும், ரசீது வாங்கணும். ஓசி டீதானே, நீ போயிட்டு வான்னு சொல்லிட்டேன். நான் மூணு மணிக்கு நடக்க ஆரம்பிச்சிருவேன்னும் சொன்னேன். அதைச் சத்தமாத்தான் சொன்னேன். அவளும் தலையை ஆட்டினாள்.

சொன்னபடி மூணு மணிக்கு மீனைத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தேன். வழியிலேதான் அந்த வீடு, மஞ்சள் வீடு. ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே பேச்சும் சிரிப்பும். ரெண்டு பொம்பளை சிரிப்பு. ஒண்ணு இவளோடது. எனக்கே அடையாளம் தெரிய ஒரு நிமிஷம் ஆச்சு. அவ்வளவு சத்தமா அவள் சிரிச்சு நான் கேட்டதில்லை.

நின்னேனான்னா கேக்கிறீங்க? நிக்கலை. கூப்பிட்டேனா? எதுக்குக் கூப்பிடணும்? ஒரு தடவை இருமினேன். என் இருமல் அவளுக்குத் தெரியும். நான் நடந்தா அவள் வருவாள். அதுதானே வழக்கம். திரும்பிப் பார்க்காம நேரா கப்பலுக்கு வந்துட்டேன்.

இப்போதான் முக்கியமான இடம். கவனமாக் கேளுங்க, ஊர்க்காரன் எல்லாம் இங்கேதான் கோணல் பண்றான்.

கப்பல் வாசல்ல ஒருத்தன் மிஷின் வச்சிருப்பான். அட்டையை அதிலே காட்டினா டிங்னு சத்தம் வரும், ஆள் உள்ளே வந்தாச்சுன்னு பதிவாயிரும். எல்லாரும் வந்தாச்சான்னு அதை வச்சுத்தான் பார்ப்பாங்க. நான் மீனோட போனேன். உள்ளே விட மாட்டேன்னான். நாறுதாம். நான் விடுவேனா? பேசினேன். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் முழுக்கப் பேசினேன், தீர்ந்ததும் தமிழ்ல பேசினேன். பின்னால் வரிசை நிக்குது, வெள்ளைக்காரக் கிழவிகள் எல்லாம் மூக்கைப் பொத்துறாங்க. அவனோட மேலாளர் வந்தான், அவனுக்கு மேலாளர் வந்தான். கடைசியிலே மூணு உறை போட்டு அவங்க கிடங்கிலே வச்சு, இறங்கும்போது தரோம்னு ஒத்துக்கிட்டாங்க. ஜெயிச்சேன்.

அந்த சூட்டிலே ரெண்டு அட்டையையும் எடுத்து மிஷின்ல வச்சேன். டிங், டிங். இன்னொரு ஆள் எங்கேன்னான். திரும்பாமலே கட்டை விரலைப் பின்னால் காட்டினேன். பின்னால் நாலஞ்சு பேர் தள்ளி ஒரு குஜராத்தி அம்மா சேலை கட்டி சால்வை போத்தி நின்னிருக்கு. சேலை கட்டினா எல்லாரும் ஒண்ணுதான் அந்த முட்டாளுக்கு. சரின்னு விட்டுட்டான். திரும்பிப் பார்க்காத நானே குத்தவாளின்னா, முகத்தைப் பார்க்கிறதுக்குன்னே சம்பளம் வாங்கிற அவன் யாரு?

நம்ம ஊர் பஸ்ல எப்படி? அவள் முன்வாசல்ல ஏறுவாள், நான் பின்வாசல்ல. கண்டக்டர்கிட்ட ரெண்டு கொடு, ஒண்ணு முன்னால் லேடீஸ் பக்கம் இருக்குன்னு சொல்லுவேன். எந்தக் கண்டக்டராவது போய் மோந்து பார்த்துட்டு வருவானா? நானும் பார்த்ததில்லை. இறங்குற இடத்திலே இறங்கி நடப்பேன், பின்னால் செருப்புச் சத்தம் வரும். முப்பத்தெட்டு வருஷமா ஒரு தப்பும் நடக்காத முறை இது. கப்பல்காரனுக்கு அது புரியலைன்னா நான் என்ன செய்ய?

மேல் மாடிக்குப் போய் டீ எடுத்தேன். ரெண்டு கப். ஒண்ணை நான் குடிச்சேன், ஒண்ணை அவளுக்குன்னு மூடி வச்சேன். ரெண்டு பிஸ்கட்டும் காகிதத்திலே மடிச்சு வச்சேன். இதை எழுதிக்கிடுங்க, ஊர்ல ஒருத்தனும் இதைச் சொல்ல மாட்டான். டீ ஆறிப் போச்சு. அதைக் கொட்டிட்டு வேற எடுத்து வச்சேன். அதுவும் ஆறிச்சு. கப்பல் ஊதிச்சு. கரை நகர்ந்தது. மஞ்சள் வீடு சின்னதாயிட்டே போச்சு. நான் அதைப் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

அஞ்சரைக்கு ரூமிலே பார்த்தேன், இல்லை. சாப்பாட்டு ஹால்ல இல்லை. ஒரு பாட்டுக் கச்சேரி நடந்தது, அங்கேயும் இல்லை. கீழே போய்ச் சொன்னேன். ஸ்பீக்கர்ல அவள் பேரைக் கூப்பிட்டாங்க. நாலு தடவை கூப்பிட்டும் வரலை. மிஷின் உள்ளே இருக்கிறாங்கன்னு சொல்லுது, ஆளைக் காணோம். அப்போ தண்ணியிலே விழுந்துட்டாங்கன்னு முடிவு பண்ணிட்டாங்க. கப்பல் நின்னுருச்சு. பன்னிரண்டு மாடிக் கப்பல், நடுக்கடல்ல, அவளுக்காக. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு எல்லாரும் கீழே தண்ணியைப் பார்க்கிறாங்க. நானும் பார்த்தேன்.

ஒரு ஆபீசர், பொம்பளை, நோட்டும் பேனாவுமா வந்து கேள்வி கேட்டாள். கடைசியா எப்போ பார்த்தீங்க? யோசிச்சேன். கொட்டகையிலே கிள்ளினாள், அது தெரியும். ஆனா கிள்ளினப்போ நான் பார்த்தது மீனை. போயிட்டு வான்னு சொன்னப்போ பார்த்தது கிழவனை. சரி, என்ன நிறச் சேலைன்னு கேட்டாள். அண்ணாச்சி, உங்களைக் கேக்கிறேன், உங்க வீட்டம்மா இன்னைக்கு என்ன நிறச் சேலை? பாருங்க, நீங்க சொல்லிட்டீங்க. நீங்க வேற மாதிரி ஆளு போல.

எனக்கு ஞாபகம் வரலை. வரவே இல்லை. மீனோட நீளம் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், எடை கேட்டிருந்தா கிராம் சுத்தமாச் சொல்லியிருப்பேன், வால்ல எந்த இடத்திலே கிழிசல்னு சொல்லியிருப்பேன். அவள் கேட்டது வேற.

அப்போதான் ரெண்டு அட்டை விஷயத்தைச் சொன்னேன். அந்த ஆபீசர் பேனாவை மூடி வச்சுட்டு என்னையே பார்த்தாள். வாயைத் திறந்து திட்டியிருந்தா நானும் ரெண்டு கொடுத்திருப்பேன். திட்டலை.

அந்நேரம் போன் வந்தது, வினோலியா. எடுத்த எடுப்பிலே, அப்பா, அம்மா எங்கேன்னு கேட்டாள். பிள்ளை பயந்திருமேன்னு, இங்கேதான் மேலே டீ குடிச்சுக்கிட்டு இருக்காள்னேன். அதுக்கு மக சொன்னாள், அம்மா இன்னொரு லைன்ல என்கூடத்தான் பேசிக்கிட்டு இருக்காங்க, தவமலர் ஆன்ட்டி வீட்டிலேருந்து. என் நம்பரை மனப்பாடமா வச்சிருக்காங்க, உங்க மண்டி நம்பரும் தெரியுமாம், அங்கே அடிச்சா நீங்க இருக்க மாட்டீங்கன்னு எனக்கு அடிச்சிருக்காங்க.

கொடு அவள்கிட்டேன்னு கத்தினேன், மக லைனைச் சேர்த்து விட்டாள். கப்பலைத் திருப்பச் சொல்றேன், கேப்டன் யாரு என்னன்னு பார்த்துடறேன், ஒரு அரை மணி நேரத்துக்கு எவ்வளவு கேப்பான் பார்ப்போம்னேன். அமலோற்பவம் எல்லாத்தையும் கேட்டுட்டு அமைதியாச் சொன்னாள்:

"நீங்க போங்க. நான் பின்னால வாரேன்."

வச்சுட்டாள். அண்ணாச்சி, முப்பத்தெட்டு வருஷமா நான் போற இடத்துக்கெல்லாம் அவள் சொல்றது அதுதான். அதே வார்த்தை. ஆனா அன்னைக்கு அதைக் கேட்டுட்டு மேலே போய், அவளுக்குன்னு வச்ச ஆறிப்போன டீயை நானே குடிச்சேன்.

ரெண்டு நாள் கழிச்சு அடுத்த ஊர்ல வந்து சேர்ந்தாள். அந்தக் கரையோரமா ஊர் ஊரா ஒரு பயணப் படகு போகுமாம், அதிலே. தனியா. தூத்துக்குடி டவுன் பஸ்ல கூட நான் தனியா விட்டதில்லை. பாஸ்போர்ட் இல்லை, போன் இல்லை, தலையிலே புதுசா இந்த நீலத் தொப்பி, கையிலே ஒரு சின்ன காகிதப் பொட்டலம், பலகையிலே நடந்து இறங்கி வர்றாள், படகுக்காரன் கை அசைக்கிறான், இவள் திரும்பி நின்னு கை அசைக்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு, ரெண்டு ராத்திரி கண்ட இடத்திலே தங்கியிருக்கியேன்னு கேட்டேன். அதுக்கு என்ன சொன்னாள் தெரியுமா? அங்கே ராத்திரியே வரலையே, வெயில் அடிச்சுக்கிட்டே இருந்துச்சேங்கிறாள்.

என்ன பண்ணினாள் அங்கேன்னு என்கிட்ட சொல்லலை. மகள்கிட்ட சொல்லியிருக்காள், அவள் எனக்குத் துண்டு துண்டாச் சொல்றாள். மறுநாள் காலையிலே தவமலர் வேலைக்குக் கிளம்ப, இவளும் கூடப் போயிருக்காள். கிழவன் விளையாட்டா நாப்பது மீனை வரிசையா வச்சு, தரம் பிரிக்கச் சொல்லியிருக்கான். இவளுக்கு அந்த மீன் பேரே தெரியாது. மோந்து மோந்து போட்டிருக்காள். தவமலர் போட்டதுக்கும் இவள் போட்டதுக்கும் ரெண்டு மீன்தான் வித்தியாசம். அந்த ரெண்டையும் தவமலர் மறுபடி மோந்து பார்த்துட்டு, அக்கா சொன்னதுதான் சரி எண்டு மாத்திப் போட்டுதாம். கிழவன் அன்னைக்கு முழுக்க வேலை வாங்கிட்டு, சம்பளத்தைக் கையிலே கொடுத்திருக்கான். இவளும் வாங்கியிருக்காள், ஒரு வார்த்தை பேரம் பேசாம. நான் இருந்திருந்தா இன்னும் கூட்டியிருப்பேன்.

இதெல்லாம் கதைன்னு வச்சுக்கிடுங்க. அடுத்ததுதான் விஷயம். தரம் பிரிக்கிறது ஜூன் மாசத்திலேதானாம். அடுத்த ஜூனுக்கு வரச் சொல்லியிருக்கான் கிழவன். ஒரு மாசம். தவமலர் வீட்டிலே தங்கிக்கிடலாம், டிக்கெட் அவன் அனுப்புறானாம்.

ஒரு டிக்கெட்.

போறியா இல்லையான்னு நான் கேக்கலை. கேட்டா எனக்கு ஆசை இருக்குன்னு தெரிஞ்சிரும். லண்டன்ல மூணு வாரம் கேக்கலை, விமானத்திலே கேக்கலை. அவளாச் சொல்லுவாள்னு இருந்தேன். அவளும் சொல்லலை. இன்னைக்குக் காலையிலே இந்த வண்டியிலே ஏறி, மனசு கேக்காம, மண்டியிலே ஜூன் மாசம் நெத்திலி வரத்து நிறைய இருக்கும், மோந்து பார்க்க ஆள் வேணும்னு பொதுவாச் சொன்னேன். காத்திலே சொல்ற மாதிரி. அதுக்குத்தான் எந்திரிச்சுப் போயிட்டாள். பத்து வரிசை. எண்ணிப் பார்த்தேன், சரியாப் பத்து. என் வித்தையை என்கிட்டேயே காட்டுறாள் பாருங்க. நான் கூப்பிடணுமாம். நான் கூப்பிட மாட்டேன்.

இப்போ என்ன செய்யிறா? ஏதோ சாப்பிடுறாளா? காகிதப் பொட்டலமா? அது கிழவன் கொடுத்தது. முதல் தரம், இத்தாலிக்காரனுக்குப் போற சரக்காம். சும்மா கொடுத்திருக்கான். நான் கேட்டு நடந்து, குனிஞ்சு, பூட்ஸ் கயிறு கட்டியும் கொடுக்காதவன். அதிலே ஒரு துண்டைப் பிச்சு வாயிலே ஒதுக்கிக்கிடுவாள். அது நாறலை, பார்த்தீங்களா. பக்கத்து சீட்டுக்காரன் மூக்கைப் பொத்தலை இல்லையா?

டீக்காரரே, இங்கே வாங்க. ரெண்டு டீ. எவ்வளவு? சரி. ஆமா, சரின்னுதான் சொன்னேன், ஏன் முறைக்கிறீங்க? ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு பின்னால் பத்தாவது வரிசை, ஜன்னல் ஓரம், நீலத் தொப்பி. கொண்டு போய்க் கொடுங்க. யாரு கொடுத்ததுன்னு...

என்னது? குடிச்சாச்சா?

என் டீக்குமா?

கேட்டீங்களா அண்ணாச்சி. அந்த வழியா வரும்போதே அவள் டீ வாங்கிக் குடிச்சுட்டாளாம். எனக்கும் சேர்த்துக் காசு கொடுத்துட்டாளாம். சர்க்கரை போடாமக் கொடுக்கச் சொன்னாளாம். எனக்கு சர்க்கரை வியாதி. கையிலே காசை எடுத்துக்கிட்டு நிக்கிறேன், வாங்க மாட்டேங்கிறார் மனுஷன்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்திலே அவள் காசிலே நான் குடிக்கிற முதல் டீ. சூடாத்தான் இருக்கு.

உங்களை நியாயம் சொல்லுங்கன்னு கேட்டேன். வேண்டாம், சொல்ல வேண்டாம். உங்க மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது என்ன சொல்லுவீங்கன்னு.

ஒண்ணு செய்யுங்க. உங்களுக்கு உங்க ஜன்னல் சீட்டு திரும்பக் கிடைக்கும், அதனாலே நஷ்டம் இல்லை. எந்திரிச்சுப் போய், அம்மா, உங்க இடத்துக்கே வந்திருங்க, எனக்கு அங்கே உக்கார முடியலைன்னு சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. அந்தக் கருவாட்டு நாத்தம் தாங்கலைன்னு சொல்லுங்க.

ஆமா, நாறுது. எனக்கென்ன மூக்கு இல்லையா? கொட்டகையிலேயே நாறிச்சு. அவள் கிள்ளினது அதுக்குத்தான்.

சரி, அதையும் சொல்லுங்க. அந்த மீன் நாறுதுன்னு மிக்கேல் ஒத்துக்கிட்டாருன்னே சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம், ஜூன் மாசத்தைப் பத்தி வாயைத் திறக்காதீங்க. மீன் நாறுதுன்னு சொன்னாப் போதும், அவளுக்குப் புரியும். போங்க. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு மெதுவாப் போங்க, வண்டி ஆடுது. அவள் முகம் எப்படி மாறுதுன்னு வந்து எனக்குச் சொல்ல வேண்டாம்.

நான் இங்கேயிருந்து திரும்பிப் பார்த்துக்கிட்டுத்தான் இருப்பேன்.